இன்ஜினை இறக்குவதற்கு முன்

"இன்ஜின எறக்கணும் சார்."

பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர் காதில் விழும் வார்த்தைகளில் அதிகம் செலவு வைப்பது இதுதான். பின்னால் நீலப்புகை, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில், மேட்டில் இழுவை குறைவு, இரவு நிறுத்திய இடத்தில் காலையில் கருப்பாக ஒரு வட்டம். நான்கும் சேர்ந்தால் பானெட்டைத் திறக்காமலே தீர்ப்பு வந்துவிடும். தீர்ப்பு தவறென்று சொல்ல முடியாது; தேய்ந்த இன்ஜினை ஒருநாள் இறக்கத்தான் வேண்டும். அந்த ஒருநாள் இந்த மாதமா, ஐந்து வருடம் கழித்தா என்பதுதான் கேள்வி. அளந்து பார்க்காமல் அதற்குப் பதில் கிடையாது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கோயில், கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று என்று மாதம் 300 கிலோமீட்டர் ஓடும் வண்டி, வருடத்துக்கு 3,600 கிலோமீட்டர் ஓடும். ஆயிரத்துக்கு ஒரு லிட்டர் குடித்தால் வருடத்துக்கு 3.6 லிட்டர் ஆயில். ஒரு தடவை ஆயில் மாற்றும்போது ஊற்றுவதைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவே. போர் அடித்து, பிஸ்டன் மாற்றி, கிராங்கைக் கடைந்து ஏற்றும் செலவில் இப்படி எத்தனை வருட ஆயிலை வாங்கலாம் என்று கணக்குப் போட்டால், பல உரிமையாளர்களுக்கு ஆயுசே பத்தாது. தினமும் வாடகைக்கு ஓடும் வண்டியின் கணக்கு வேறு. ஆனால் இன்று அம்பாசிடரைப் பிரியத்தோடு வைத்திருப்பவர்களில் நாள் முழுக்க ஓட்டுபவர்கள் மிகக் குறைவு.

இங்கே பேசப்படுவது 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினைப் பற்றி மட்டும். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 மே மாதம் வரை அம்பாசிடர் தயாரானது. அதன் மூலம் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. 1959 முதல் அம்பாசிடரில் உட்கார்ந்த இந்த இன்ஜின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆஸ்டின் கேம்பிரிட்ஜிலும் இதுதான், எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1489 சி.சி.தான், கொஞ்சம் காரம் சேர்த்து. 1990-களில் வந்த 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வேறு சாதி. கீழே வரும் அளவுகளை அதன்மேல் வைத்துப் பார்க்கக் கூடாது.

இதன் உடல்வாகைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். சிலிண்டரின் குறுக்களவு 73 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மி.மீ. ஒல்லியான, உயரமான ஆள். வேகமாகச் சுற்றப் பிறந்ததல்ல; மெதுவாகச் சுற்றி இழுக்கப் பிறந்தது. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. கம்ப்ரஷன் விகிதமும் குறைவு. இன்றைய இன்ஜின் கொஞ்சம் தேய்ந்தாலே முரண்டு பிடிக்கும். இது பாதி தேய்ந்த பிறகும் "போகலாம்" என்று சொல்லும் ரகம்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் குணத்துக்குப் பெரிய சோதனையே நடந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, அங்கிருந்த பழைய ஆஸ்டின், மோரிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சில துளி பெட்ரோலை கார்புரேட்டரில் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கம்ப்ரஷன் குறைந்த இன்ஜின் என்பதால்தான் இது நடந்தது. இன்றைய காரில் முயன்றால் தட்டித் தட்டியே பிஸ்டன் போய்விடும். அந்த வண்டிகளுக்கும் விலை இல்லாமலில்லை. எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டிச் சம்ப்பில் இறங்கி ஆயிலைத் தண்ணீராக்கிவிடும். வேறு வழியற்ற காலத்தின் கைவேலை அது. சிக்கனத்துக்கான யோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அளப்பதற்கு வருவோம். வாங்க வேண்டிய முதல் கருவி கம்ப்ரஷன் கேஜ். ஒரு டயர் விலையில் கால்வாசிகூட வராது. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு அடி போதும். பேட்டரி முழு சார்ஜில் இல்லாவிட்டால் எண்கள் பொய் சொல்லும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மறந்தாலும் அப்படித்தான்.

நான்கு சிலிண்டரில் 112, 108, 110, 70 பவுண்டு என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இதைப் பார்த்ததும் "ரிங் போச்சு" என்பவர் அவசரக்காரர். ரிங் ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் இவ்வளவு போவது அபூர்வம். பிளக் துவாரம் வழியாக நான்காவது சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். 70 என்பது 100-க்கு ஏறினால், ஆயில் ரிங்கின் இடைவெளியை அடைத்திருக்கிறது, கோளாறு ரிங்கில். 72-லேயே நின்றால் கோளாறு வால்வில். ஹெட்டை மட்டும் கழற்றி வால்வு தேய்த்தால் முடிகிற வேலை, இன்ஜின் இருந்த இடத்திலேயே இருக்கும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் விட்டிருக்கும். நான்கும் 90-ல் வரிசையாக நின்றால், சீராகத் தேய்ந்த கிழவர். அவரை அப்படியே ஓட்டலாம். மொத்த எண்ணைவிட எண்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசம்தான் அதிகம் பேசும்.

புகையும் பேசும். எப்போது வருகிறது என்று கேட்கத் தெரிய வேண்டும். மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது நீலமாக வந்தால் சந்தேகம் ரிங்கின் மேல். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மேகம், பிறகு எதுவுமில்லை என்றால், ராத்திரி முழுக்க வால்வு கைடு வழியாகச் சொட்டிய ஆயில் அது. ஏற்காடு மலையில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கி, கொண்டை ஊசியில் மறுபடி மிதிக்கும்போது பின்னால் வருகிற பைக்காரர் முகத்தைச் சுளித்தால், அதுவும் கைடும் சீலும்தான். மிதியை விட்டதும் உள்ளே வெற்றிடம் உண்டாகி ஆயிலைக் கைடு வழியாக இழுக்கிறது. கருப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம், கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும். வெள்ளையாக, விடாமல், கொஞ்சம் தித்திப்பு வாசனையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது. அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுவது நல்லது.

வால்வு சீல் என்பது சுண்டுவிரலில் மாட்டுகிற அளவு ரப்பர். வருடக்கணக்கான சூட்டில் அது பிளாஸ்டிக் போல இறுகிவிடும். இதை மாற்ற ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பழைய பட்டறைக்காரர்களின் கயிற்று வித்தை ஒன்று உண்டு. வேலை செய்கிற சிலிண்டரின் பிஸ்டன் கம்ப்ரஷன் அடியில் பாதி மேலே வந்திருக்கும்போது, துணி காயப்போடும் நைலான் கயிற்றைப் பிளக் துவாரம் வழியாகச் சுருள் சுருளாக உள்ளே விடுவார்கள். ஒரு முனை வெளியே தொங்கும். பிறகு ஹேண்டிலைப் போட்டு இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றினால், பிஸ்டன் கயிற்றை மேலே தள்ளும், கயிறு வால்வு இரண்டையும் கீழே விழாமல் தாங்கும். இப்போது ஸ்பிரிங்கை அழுத்தி, வால்வு லாக்கைக் காந்தத்தால் எடுத்து, பழைய சீலைக் கழற்றிப் புதியதை மாட்டிவிடலாம்.

இந்த இன்ஜினில் ஒரு பொறி இருக்கிறது. ராக்கர் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. அவற்றை மட்டும் கழற்றினால் ஹெட் ஒருபக்கமாக இழுபட்டு, நன்றாக இருந்த கேஸ்கட் வீணாகும். அதனால் ரேடியேட்டர் தண்ணீரைக் கொஞ்சம் வடித்துவிட்டு, ஹெட்டின் எல்லா நட்டுகளையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திய பிறகே ராக்கரைத் தூக்க வேண்டும். திரும்ப இறுக்கும்போதும் அதே வரிசை, டார்க் ரெஞ்சோடு. பிறகு டேப்பட்டைப் புதிதாக வைக்க வேண்டும்.

டேப்பட் வைப்பதற்கு இந்த இன்ஜினில் ஓர் அழகான கணக்கு உண்டு: ஒன்பதின் விதி. முன்னாலிருந்து எண்ணினால் எட்டு வால்வுகள். எட்டாவது வால்வு முழுக்கத் திறந்து நிற்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யலாம். ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவது, மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவது. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. புத்தகம், குறி, எதுவும் வேண்டாம். குளிர்ந்த இன்ஜினில் இடைவெளி 0.38 மி.மீ., அதாவது 15 தவுசண்ட். தேய்ந்த வண்டியில் ஃபீலர் கேஜும் ஏமாற்றும். வால்வு தண்டில் பட்டுப் பட்டு ராக்கரின் நுனியில் ஒரு குழி விழுந்திருக்கும். தட்டையான கேஜ் குழியின் இரு கரையிலும் உட்கார்ந்துகொண்டு "சரி" என்று சொல்லும். குழிக்குள் இருக்கிற இடைவெளியோ இன்னும் அதிகம். டேப்பட் வைத்த பிறகும் டக் டக் சத்தம் நிற்காததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ராக்கர் நுனியைத் தேய்த்துச் சமன் செய்தால் அந்தச் சத்தம் அடங்கும்.

இனி தரையில் இருக்கும் அந்தக் கருப்பு வட்டம். கிராங்கின் பின்முனையில் இந்த இன்ஜினுக்கு ரப்பர் சீலே கிடையாது. தண்டில் வெட்டிய திருகு மரைதான் ஆயிலை உள்பக்கம் திருப்பி அனுப்புகிறது. இன்ஜின் சுற்றும்வரை அது வேலை செய்யும், நின்றதும் சும்மா இருக்கும். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துவாரமும் அதில் ஆடுகிற ஒரு ஸ்பிளிட் பின்னும் இருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். ஒழுகும் என்று தெரிந்தே, ஒழுகியது கிளட்சில் ஏறாமல் வெளியேற வைத்த வழி அது. பின் ஆடிக்கொண்டிருந்தால் துவாரம் அடைபடாது. "லீக் நிற்கவே இல்லை" என்று மூன்று பட்டறை ஏறி இறங்கியவர்களிடம் இதைச் சொன்னால் கொஞ்சம் கோபப்படுவார்கள்.

ஆனால் சொட்டு ஓட்டமாக மாறினால் பார்க்க வேண்டியது பிரீதர் குழாய். தேய்ந்த ரிங்கைத் தாண்டி இறங்கும் வாயு சம்ப்பில் சேர்கிறது. அது வெளியேறும் வழி பிரீதர். அதிலுள்ள வலையில் வருடக்கணக்கில் கருப்புக் களி அடைந்து வழி மூடினால், உள்ளே அழுத்தம் ஏறி, எங்கெங்கே சந்து இருக்கிறதோ அங்கெல்லாம் ஆயிலைத் தள்ளும். கேஸ்கட்டைப் புதிதாகப் போட்டாலும் தள்ளும். பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவுவதற்கு ஆகும் செலவு ஒரு டீ, ஒரு வடை. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், எவ்வளவு வாயு இறங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

ஆயில் ஃபில்டர் கிண்ணத்துக்கும் ஒரு வார்த்தை. கிண்ணத்தின் ரப்பர் வளையம் மேலே பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் புது வளையத்தை அதன்மேல் வைத்து இறுக்கினால், கொஞ்ச தூரத்தில் ஆயில் முழுக்க ரோட்டில் போகும். பின்னூசியால் பழையதைக் குத்தி எடுத்துவிட்டு, எடுத்தது ஒன்றா இரண்டா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

என்ன ஆயில் ஊற்றுவது என்பதில் கடைக்காரரின் வார்த்தையைவிட டப்பாவின் முதுகைப் படிப்பது பலன் தரும். இன்றைய கார்களுக்கான மெல்லிய, விலை கூடிய சிந்தெடிக் ஆயில் இதற்கு வேண்டவே வேண்டாம். இதன் கேம்ஷாஃப்டும் டேப்பட்டும் நேருக்கு நேர் உரசுபவை. துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த ஒரு சேர்மம்தான் அந்த உரசலில் தேய்வைத் தடுக்கிறது. புகை சுத்திகரிப்புக் கருவிக்குக் கெடுதல் என்பதால், நவீன மெல்லிய ஆயில்களில் பாஸ்பரசுக்கு 0.08 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். 20டபிள்யூ-50 போன்ற கனத்த ரகங்களுக்கு அந்த வரம்பு இல்லை. சாதாரண மினரல் 20டபிள்யூ-50, அல்லது கிராமத்துக் கடையிலும் கிடைக்கிற டீசல் வண்டி 15டபிள்யூ-40, போதும். தேய்ந்த பேரிங்குக்கு முதலாவது இன்னும் பொருத்தம். சத்தத்தை அடக்க கியர் ஆயிலைக் கலந்து வண்டியை விற்கிறவர்கள் உண்டு. அது வாங்கியவரை ஒரு வாரம் ஏமாற்றும், பிறகு பேரிங்கை.

டேஷ்போர்டில் ஒரு ஆயில் பிரஷர் கேஜ் மாட்டிவிட்டால் பாதி ஜோசியம் தேவைப்படாது. சிவப்பு விளக்கு எரியும்போது கதை பெரும்பாலும் முடிந்திருக்கும். முள் மாதக்கணக்கில் முன்கூட்டியே சொல்லும். சூடான இன்ஜினில் ரோட்டில் ஓடும்போது 50 பவுண்டை ஒட்டி இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஐட்லிங்கில் 15-க்குக் கீழே இறங்கி, மிதிக்கும்போது அடிவயிற்றிலிருந்து 'குடுகுடு' என்று கேட்டால், அதற்கு மேல் இந்த அத்தியாயத்தின் சிக்கனம் செல்லாது. பேரிங் போன பிறகும் ஓட்டினால் கிராங்கும் சேர்ந்து போகும்.

தேய்ந்த இன்ஜினைக் கொல்வது தேய்மானமாக இருப்பது குறைவு, சூடுதான் கொல்கிறது. நம் ஊர் போர் தண்ணீரை முப்பது வருடம் குடித்த பிளாக்குக்குள், குழம்புச் சட்டியின் அடியைப் போல உப்பும் துருவும் படிந்திருக்கும். ரேடியேட்டரை மட்டும் கழுவுகிறவர்கள் பாதி வேலையோடு நிறுத்துகிறார்கள். பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு வடிகுழாய் இருக்கிறது. அதைத் திறந்தால் பல வண்டிகளில் ஒரு சொட்டும் வராது. கம்பியை விட்டுக் கிளறினால்தான் செம்மண் குழம்பு போல இறங்கும். தண்ணீர் தெளியும்வரை விட்டுக் கழுவி, பிறகு கூலன்ட்டையும் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரையும் ஊற்ற வேண்டும்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் நம் பட்டறைகளோடு சண்டை போட்டுத்தான் ஆக வேண்டும். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று கழற்றி வீசுவது பரம்பரைப் பழக்கம். அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேற நெடுநேரம் பிடிக்கும். அதுவரை பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலைக் கழுவிவிடும். சம்ப்பில் ஈரம் தங்கிக் களி சேரும். நாலு தெரு தள்ளிப் போய்வரும் வண்டிக்கு ரிங் தேய இதைவிட நல்ல வழி வேறில்லை. சுடுதண்ணீரில் போட்டு, திறக்கிறதா என்று அடுப்படியிலேயே சோதித்து, 82 டிகிரி தெர்மோஸ்டாட்டை மாட்டுவது ரிங் செலவைத் தள்ளிப்போடும். ரேடியேட்டர் மூடியிலும் கவனம் வேண்டும். அந்தக் கால மூடிகள் 4 அல்லது 7 பவுண்டுதான் தாங்கும். அளவு பொருந்துகிறதே என்று புதுக் காரின் மூடியைப் போட்டால், ஈயப் பற்று வைத்த பழைய ரேடியேட்டர் இரட்டை அழுத்தத்தில் பிளக்கும்.

பற்றவைப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் இடைவெளி 0.64 மி.மீ. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. ஆடினால் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் மாறும், எத்தனை டியூனிங் செய்தாலும் மிஸ்ஸிங் நிற்காது. புஷ்ஷை லேத்தில் போட்டு மாற்றிவிடலாம். சூடானதும் நின்று, ஆறியதும் கிளம்பும் வண்டியில் முதலில் மாற்ற வேண்டியது கண்டென்சர். ஆயில் ஏறி ஒரு சிலிண்டரின் பிளக் மட்டும் அடிக்கடி அடைந்தால், அந்தச் சிலிண்டருக்கு மட்டும் ஒரு படி 'ஹாட்' பிளக் போடலாம். தன்மேல் படியும் ஆயிலைத் தானே எரித்துக்கொள்ளும்.

பெட்ரோல்தான் இந்த வண்டிகளின் புதிய தலைவலி. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஈயம், வார்ப்பிரும்பில் நேரடியாக வெட்டிய வால்வு இருக்கைக்கு மெத்தை போல இருந்தது. அது இல்லாமல் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக இருக்கைக்குள் புதைய ஆரம்பிக்கும். இதற்குப் பயந்து உடனே ஹெட்டைக் கழற்ற வேண்டாம். எக்ஸாஸ்ட் டேப்பட்டின் இடைவெளியை ஒவ்வொரு சர்வீசிலும் ஒரு நோட்டில் குறித்து வந்தால் போதும். வைத்த 0.38 அடுத்த முறை 0.30 ஆகி, அதற்கடுத்த முறை 0.22 ஆனால் வால்வு புதைகிறது என்று பொருள். எப்படியும் ஹெட் கழலும் நாளில் கெட்டியான உலோக வளையங்களை இருக்கையில் அடித்துவிடலாம். அறுபதில் உருட்டுகிற வண்டிக்கு இந்தத் தேய்வு மெதுவாகத்தான் நடக்கும்.

எத்தனால் கலப்பு அவ்வளவு பொறுமைசாலி இல்லை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20. பழைய ரப்பர் குழாயும், மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் அதில் ஊறி உப்பி, பிறகு வெடிக்கும். சூடான எக்ஸாஸ்டுக்கு அருகில் பெட்ரோல் ஒழுகினால் வண்டியே போய்விடும். ஆகவே காசு குறைவாக இருந்தாலும் முதலில் செலவழிக்க வேண்டிய இடம் இது. எத்தனால் தாங்கும் குழாயை மீட்டர் கணக்கில் வாங்கி டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை மாற்றிவிட வேண்டும். எத்தனாலுக்கு எரிய காற்று குறைவாகப் போதும் என்பதால், பழைய ஜெட்டில் கலவை மெலிந்து, இன்ஜின் சூடாகி, திடீரென்று மிதித்தால் இருமும். மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியின் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடாவிட்டால், திறக்கும்போது உள்ளே வெள்ளைப் பொடி பூத்திருக்கும்.

சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் நின்று, பம்ப்பில் பெட்ரோல் ஆவியாகிக் கிளம்ப மறுக்கும் அம்பாசிடரின் பம்ப்பில் ஈரத்துணி சுற்றும் காட்சி ஒரு தலைமுறைக்கே நினைவிருக்கும். அந்த வைத்தியம் இன்றும் பலிக்கிறது. பம்ப்புக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு வைத்தால் துணி அடிக்கடி தேவைப்படாது.

காகிதச் செலவையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். 15 வருடம் தாண்டிய சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். புகைச் சான்றில் இந்தத் தலைமுறை பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தேய்ந்த இன்ஜின்கூட இதில் தேறிவிடும், குளிரக் குளிரக் கொண்டுபோய் நிறுத்தாமல் இருந்தால். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, சோக் முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்து, சுத்தமான பிளக்கோடு போக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஆயில் செலவு ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்று ஆகி, டீஸ்பூன் சோதனையும் ரிங்கையே காட்டினால், பிரிக்கத்தான் வேண்டும். அப்போதும் எவ்வளவு பிரிப்பது என்று ஒரு தேர்வு உண்டு. இந்த இன்ஜினை வரைந்தவர்கள் கனெக்டிங் ராடின் பெரிய முனையைச் சாய்வாக வெட்டியிருக்கிறார்கள். அதனால் ஹெட்டையும் சம்ப்பையும் கழற்றினால் பிஸ்டனை ராடோடு மேல்பக்கமாகவே உருவிவிடலாம். கிராங்கைத் தொட வேண்டியதில்லை.

சிலிண்டரின் மேல்விளிம்பில் ரிங் எட்டாத இடத்தில் ஒரு படிக்கட்டு நிற்கும். நகத்தால் வருடினாலே தட்டுப்படும். அதைச் சீவி எடுக்காமல் புது ரிங்கைப் போட்டால், மேல் ரிங் அந்தப் படியில் முட்டி ஒரே வாரத்தில் உடையும். லேத் பட்டறையில் போர் கேஜ் வைத்து மேலும் கீழும் அளக்கச் சொல்ல வேண்டும். வித்தியாசம் 0.2 மி.மீ.யை நெருங்கினால் புது ரிங் காசு தண்டம்; போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதே வழி. அதற்குள் இருந்தால், படியைச் சீவி, ஹானிங் செய்து, புது ரிங்கோடு இன்னும் சில வருடம் ஓட்டலாம். ஒவ்வொரு ரிங்கையும் பிஸ்டனில் மாட்டுவதற்கு முன் தனியாகச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். 0.2 முதல் 0.3 மி.மீ. வரை சரி. இந்தப் பத்து நிமிட வேலையை "கம்பெனி ரிங் சார், அதெல்லாம் கரெக்டா இருக்கும்" என்று தாண்டிப் போகிறவரிடம், உரிமையாளர் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவது உத்தமம்.

பொருள் கிடைப்பதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். சென்னையின் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் பழைய அளவு ரிங், கேஸ்கட், சீல் பற்றிக் கேட்டால் புரிந்துகொள்ளும் கிழவர்கள் இன்னும் கல்லாவில் இருக்கிறார்கள். அங்கே இல்லாத பழைய உதிரிப்பாகம் புதுப்பேட்டையில் இருக்கும். புதுப்பேட்டையில் முழு இன்ஜினையே எடை போட்டு வாங்க ஆசை வரும். ஹேண்டிலைப் போட்டு ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்காமல், முன்பக்கக் கப்பியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்கக் கூடாது. கப்பி கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால் கிராங்கின் த்ரஸ்ட் வாஷர் போய்விட்டது என்று பொருள்.

புது ரிங் போட்ட வண்டியை முதல் நாளில் மணிக்கணக்காக ஐட்லிங்கில் ஓடவிடுவது பட்டறைகளின் இன்னொரு வழக்கம். ரிங் சிலிண்டரோடு பழகுவதற்கு உள்ளே அழுத்தம் வேண்டும், ஐட்லிங்கில் அது கிடைக்காது. காலி ரோட்டில் மூன்றாவது கியரில் நாற்பதிலிருந்து அறுபதுக்கு மிதித்து, பிறகு மிதியை முழுக்க விட்டு, மறுபடி மிதித்து என்று இருபது தடவை செய்தால் அது பழகிவிடும். 500 கிலோமீட்டரில் அந்த ஆயிலைச் சூட்டோடு ஒரு பழைய பாத்திரத்தில் வடிக்க வேண்டும். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி அதில் ஒருமுறை துழாவினால், மாவு போல நுண்ணிய கருப்புப் பொடி ஒட்டும். அது ரிங் பழகிய பொடி. விரலில் தேய்க்கும்போது குத்துகிற துணுக்கு ஏதாவது வந்தால் மட்டும் சம்ப்பை மறுபடி கழற்ற வேண்டும்.